மாரியோவின் வலது கை

வெலாண்டோ நிறுவனத்துக்கு இந்த வருடம் அறுபது வயது. அதில் முதல் முப்பது வருடங்கள் போன வருடம்தான் நடந்தன.

அதற்கு முன்பு அந்த நிறுவனம் ஒழுங்காக, ஊரில் எல்லாரையும் போல, தன் சொந்த வயதில்தான் இருந்தது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பார்த்திருக்கலாம். மூன்று மாடிக் கண்ணாடிக் கட்டடம், வாசலில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி, அதற்குக் கீழே 'பந்தயத் தடத்தில் பிறந்தது' என்று ஆளுயர எழுத்து. உள்ளே தயாராவது ஸ்டியரிங் கவர், சீட் கவர், கியர் குமிழ், காரின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும் இறக்கை, நெருப்பு பறக்கிற மாதிரி ஸ்டிக்கர். இதில் எதை மாட்டினாலும் கார் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடுதல் வேகம் போகாது. ஆனால் எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் இரண்டு மணி நேரம் சிக்கி நிற்கும்போது, பந்தயம் ஆரம்பிக்கக் காத்திருப்பது போல ஒரு நினைப்பு வரும். அந்த நினைப்பைத்தான் நிறுவனம் நாடு முழுவதும் விற்றுக்கொண்டிருந்தது.

விற்றது போதாதென்று தானும் அதை நம்ப ஆரம்பித்தது. கேன்டீனுக்கு 'எரிபொருள் நிலையம்' என்று பெயர் வைத்தார்கள். கழிப்பறைக்கு, பந்தயக் கார் நடுவில் நின்று சக்கரம் மாற்றிக்கொள்ளும் இடத்தின் பெயர், 'பிட் ஸ்டாப்'. போய்வர நான்கு நிமிடம். அதற்கு மேல் ஆனால் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி மஞ்சள் கொடி காட்டுவார். சர்க்கரை வியாதிக்காரரான கணக்கர் ஒருவர் ஒரே வாரத்தில் பதினோரு மஞ்சள் கொடி வாங்கி, 'பந்தய மனப்பான்மை குறைவு' என்று எச்சரிக்கைக் கடிதமும் வாங்கியிருந்தார்.

நிறுவனத்தின் பெருமைகளில் பெரிய பெருமை, ஸ்டியரிங் கவரின் உச்சியில் நான்கு விரல் அகலத்துக்கு வரும் சிவப்புப் பட்டை. 'வெற்றிப் பட்டை' என்பார்கள். அதை முதன்முதலில் தைத்தவர் அத்தாவுல்லா. வயது ஐம்பத்தெட்டு, தண்டையார்பேட்டைக்காரர், நிறுவனத்தின் முதல் தையல்காரர். இன்றைக்கும் இரண்டாவது மாடியில் உட்கார்ந்து விலை உயர்ந்த கவர்களுக்குக் கையால் தையல் போடுகிறார். முப்பது வருடம் மெழுகு நூலை இழுத்து இழுத்து வலது மணிக்கட்டில் நரம்பு அமுங்கிவிட்டது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய், ஊசி கையில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். காலையில் சட்டைப் பொத்தானை மனைவி ஷரீஃபுன்னிசாதான் போட்டுவிடுகிறாள்.

தொழிலாளர் ஆஸ்பத்திரி டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "சின்ன ஆபரேஷன்தான். ஆனா தள்ளிப்போடாதீங்க. கட்டைவிரல் சதை வத்த ஆரம்பிச்சாச்சு. முழுசா வத்திப் போச்சுன்னா அப்புறம் என்ன பண்ணினாலும் வராது."

பத்தொன்பதாம் தேதி காலை ஆபரேஷன் என்று குறித்தார்கள். அதை விட்டால் அடுத்தது ஐந்து மாதம் கழித்து. முந்தின நாள் மாலை நான்கு மணிக்குள் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். இன்னார் எங்கள் நிறுவனத்தில் இந்த வருடத்திலிருந்து இந்த வேலை செய்கிறார் என்று, கம்பெனி முத்திரையோடு, ஒரே ஒரு பக்கம். அவ்வளவுதான்.

மூன்றாம் தேதியே அத்தாவுல்லா மனிதவளப் பிரிவுக்குப் போனார். இன்னும் பதினைந்து நாள் இருக்கிறதே என்ற நிம்மதியோடு போனார், பாவம்.

மனிதவளப் பிரிவில் இருந்தவன் ஷிபின். எம்.கே.பி. நகர்ப் பையன், மரியாதை தெரிந்தவன்.

"ஒரு லெட்டர்தானே பாய், அஞ்சு நிமிசம். குந்துங்க" என்றான்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. ஷிபின் கம்ப்யூட்டரை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா நைனா, கரண்டு போச்சா?"

"இல்ல பாய். நீங்க சேந்தது தொண்ணூத்தஞ்சு. டோல்கேட் கடைல. கரெக்டா?"

"கரெக்டு."

"தொண்ணூத்தஞ்சுல கம்பெனி டோல்கேட்ல இல்லியாம். இத்தாலில கீதாம்."

"இத்தாலியா? அப்போ நான் எங்க கீறேன்?"

"அதான் சிஸ்டமும் கேக்குது பாய்."

விஷயம் இதுதான். நிறுவனத்தில் போன வருடம் வரலாற்றுப் பிரிவு என்று ஒன்று தொடங்கியிருந்தார்கள். அறுபதாம் ஆண்டு விழாவுக்காக அந்தப் பிரிவு எழுதிய வரலாற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இனிமேல் நிறுவனத்திலிருந்து வெளியே போகும் எந்தத் தாளும் அதற்கு முரணாக இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார்கள். அத்தாவுல்லாவின் அடையாள அட்டையில் சேர்ந்த வருடம் 1995 என்று இருந்தது. வேறு எண்ணை அடித்தால் அட்டை ஒத்துக்கொள்ளவில்லை. அந்த எண்ணை அடித்தால் வரலாறு ஒத்துக்கொள்ளவில்லை, அதன்படி அந்த வருடம் நிறுவனம் இத்தாலியில் இருந்தது.

"மூணாவது மாடிக்குப் போங்க பாய். ஷைனி மேடம் வரலாறு கிளியரன்ஸ் குடுத்தா நான் உடனே அடிச்சிடுவேன்" என்றான் ஷிபின்.

ஷைனி வரலாற்றுப் பிரிவின் தலைவர். இதற்கு முன்னால் ஒரு ஷாம்பு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மேசைமேல் வரப்போகும் வரலாற்றுப் புத்தகத்தின் மாதிரி இருந்தது, ஒரு தலையணை கனத்துக்கு. அத்தாவுல்லாவை அன்பாக உட்காரவைத்து, தானே முதல் பக்கத்தைத் திறந்து படித்துக் காட்டினார். 1965. சோழவரம் பந்தயத் தடம். நிறுவனர் 'டாமி' தாமஸ் கடைசிச் சுற்றில் காற்றைக் கிழித்துக்கொண்டு வருகிறார். விரல் கிழிந்து ரத்தம் ஸ்டியரிங் உச்சியில் வழிகிறது. அந்த ரத்தத்தின் நினைவாகவே சிவப்புப் பட்டை.

அத்தாவுல்லாவுக்குத் தாமஸ் முதலாளியை நன்றாகவே தெரியும். இறந்துபோய் எட்டு வருடமாகிறது, நல்ல மனிதர், ராயபுரம் மாதா கோயிலில் ஞாயிறு தவறாத ஆள். அவருக்கு வேகம் என்றாலே ஆகாது. அம்பாசிடரில் அவர் போனால் மீன் ஏற்றிய மூன்று சக்கர சைக்கிள் முந்திக்கொண்டு போகும். அவருக்குத் தெரிந்த ஒரே பெடல் பிரேக்.

"ஏம்மா, அறுபத்தஞ்சுல மொதலாளிக்கு எட்டு வயசும்மா."

ஷைனி அசரவில்லை. "அதுக்குப் பேர்தான் பாய் பேஷன், பிறவி ஆர்வம்."

"அவர் சோழவரத்துக்குப் போனது மெய்தான். எளவட்டத்துல. ரேஸ் பாக்க வர்றவங்க தரைல குந்துவாங்க இல்ல, அவங்களுக்கு மெத்தைய வாடகைக்கு வுட்டாரு. அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

ஷைனி பேனாவை எடுத்து, 'மோட்டார் பந்தய வீரர்களின் இருக்கைத் தொழில்நுட்பத்தில் ஆரம்பகால ஆய்வு' என்று எழுதிக்கொண்டார்.

சிவப்புப் பட்டையின் கதையையும் அத்தாவுல்லா சொன்னார். அது அவருக்கு மிகவும் பிடித்த கதை. டோல்கேட்டில் இருந்த கடைக்கு அப்போது 'நியூ ஸ்டார் குஷன் ஒர்க்ஸ்' என்று பெயர். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் ஒன்று வந்து நின்றது. ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்ட அவசரம். டேப்பைத் தேடாமல் ஸ்டியரிங்கைத் தன் கையாலேயே அளந்து, மூன்றரை முழம் என்று கத்திவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினார். உள்ளே தாமஸ் மூன்றரை முழம் கறுப்பு ரெக்சினை வெட்டிவைத்தார். தன் முழத்தில். தாமஸ் குள்ளமான ஆள். தொழுகை முடிந்து வந்து தைத்தால் நான்கு விரல் இடைவெளி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. கறுப்பு ரெக்சின் அதோடு காலி. ஆட்டோ சீட்டில் மிஞ்சிய சிவப்புத் துண்டை வைத்து ஒட்டுப் போட்டு அனுப்பினார்கள். திட்டப் போகிறான் என்று பயந்தால், அந்த டிரைவர் மறுவாரம் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். யார்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது சிவப்பு மேலே இருந்தால் சக்கரம் நேராக இருக்கிறது என்று அர்த்தமாம். அந்த நாலு விரலில்தான் இந்த மூன்று மாடியும் எழும்பியது.

ஷைனி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"ரொம்ப அழகா இருக்கு பாய். ஆனா இதுல ஒரு பிரச்சினை. இது நடந்த விஷயம். நடந்த விஷயம்னா ரா மெட்டீரியல் மாதிரி. ரெக்சினை அப்படியே ரோலோட கஸ்டமர் கையில குடுப்பீங்களா? அளவு பாத்து வெட்டுவீங்க, தைப்பீங்க இல்ல? அதத்தான் நாங்களும் பண்றோம். இப்போ முதல் ஸ்டியரிங் கவரைத் தைச்சது மாரியோன்னு ஃபைனல் ஆயிடுச்சு."

"யாரும்மா மாரியோ?"

இத்தாலியக் கப்பல் ஒன்றிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய தையல் மேதை, டாமியின் உயிர்த் தோழன், நிறுவனத்தின் முதல் கைவினைஞன் என்று ஷைனி விளக்கினார். பிறந்த ஊர், பிடித்த பாட்டு, தாயார் பெயர் எல்லாம் புத்தகத்தில் இருந்தது.

"அப்போ நான் யாரும்மா?"

"உங்க ரோல் இன்னும் முடிவாகல பாய். ஒண்ணும் கவலப்படாதீங்க, யோசிச்சிக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார் ஷைனி. கடிதத்தைப் பற்றிக் கேட்டதற்கு, ஒரு சின்ன உதவி செய்தால் உடனே கிளியரன்ஸ் என்றார். மாரியோ தைக்கிற மாதிரி ஒரு புகைப்படம் வேண்டும். கைகள் மட்டும். மாடல்கள் நான்கு பேரை வைத்து எடுத்துப் பார்த்தார்களாம், ஒருவருக்கும் ஊசி பிடிக்கத் தெரியவில்லை.

கடிதம் கிடைக்கும் என்றால் கையை நீட்டுவதில் என்ன வந்தது? எட்டாம் தேதி படம் எடுத்தார்கள். இத்தாலிக்காரன் கை இவ்வளவு கறுப்பாக இருக்காது என்று புகைப்படக்காரர் முகப்பவுடரை அள்ளி அப்பினார். மணிக்கட்டு வலியில் விரல் நடுங்கியபோது, "ஆஹா, உணர்ச்சி பாருங்க" என்று இன்னும் முப்பது படம் எடுத்தார். மறுநாள் காலை வரவேற்பறைச் சுவர் முழுவதும் அத்தாவுல்லாவின் வலது கை தொங்கியது. கீழே, 'மாரியோ: கையால் யோசித்தவர்' என்று எழுதியிருந்தது.

அன்றைக்கே அவர் கடிதம் கேட்டு மூன்றாம் மாடிக்குப் போனார். ஷைனி இன்னும் அதிக அன்போடு வரவேற்றார். கிளியரன்ஸ் வேலை நடந்துகொண்டிருக்கிறது, ஆனால் அந்தக் கடிதம் எதற்கு என்று கேட்டார். அத்தாவுல்லா வெள்ளந்தியாக விஷயத்தைச் சொன்னார்.

"ஆபரேஷனா? எந்தக் கையில?"

"இதே கைதான்."

ஷைனியின் முகம் மாறிவிட்டது.

பத்தாம் தேதி பாரம்பரியச் சொத்துக் குழு அவசரமாகக் கூடியது. ஐந்து பேர். ஐவரும் பந்தய வீரர்களின் சிவப்பு அங்கி போட்டிருந்தார்கள், அது அன்றைய அலுவலக விதி. அத்தாவுல்லாவின் கையை மேசைமேல் ஒரு வெல்வெட் துணியில் வைக்கச் சொல்லி, சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். அது சொத்து எண் ஏழு என்று பதிவாகியிருப்பதாகச் செயலர் வாசித்தார். சொத்து எண் ஏழில் மீன் பை தூக்கக் கூடாது. மோதிரம் போடக் கூடாது. குழுவின் அனுமதியில்லாமல் மருதாணி, காயம், சிகிச்சை எதுவும் கூடாது.

"மணிக்கட்டுல தழும்பு விழுந்துட்டா, சுவர்ல இருக்கிற கையும் இந்தக் கையும் வேற வேற ஆயிடும்" என்று ஒருவர் கவலைப்பட்டார். "அப்புறம் பாக்கறவங்க இது மாரியோ கைதானான்னு சந்தேகப்படுவாங்க. நிறுவனத்தோட நேர்மை போயிடும்."

"கை என்னுதுய்யா!" என்றார் அத்தாவுல்லா.

"உங்களுதுதான். யார் இல்லேன்னா? அதோட தோற்றம் மட்டும்தான் கம்பெனிக்குச் சொந்தம்."

பிறகு இருந்தவர்களிலேயே வயதானவர், விஷயத்தைச் சுமுகமாக முடிக்க நினைத்தவர், "ஏன் பாய், ஆபரேஷனை இடது கையில பண்ணிக்க முடியாதா?" என்று கேட்டார். மற்ற நால்வரும் நல்ல யோசனை என்கிற மாதிரித் தலையாட்டினார்கள்.

அத்தாவுல்லாவுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வெல்வெட் துணியை இழுத்து அவர்கள் முகத்தில் வீசியிருப்பார். ஆனால் விரல்கள் துணியைப் பிடித்ததா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டார். வீட்டில் ஷரீஃபுன்னிசாவிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை.

"எடது கைல பண்ணிக்கச் சொன்னானா? படிச்சவன்தானே அவன்?"

"அஞ்சு பேரும் படிச்சவனுங்கதான்."

"நேரா ஜெரிகிட்ட போங்க. அவன் சின்னப் புள்ளைல உங்க மடில குந்தி வெள்ளாண்ட பையன்தானே. இதுங்ககிட்ட இன்னாத்துக்குப் பேஜாரு?"

ஜெரி, தாமஸ் முதலாளியின் மகன், இப்போது நிறுவனத்தின் தலைவர். அவரைப் பார்ப்பது லேசில்லை. பார்க்க வேண்டுமென்றால் 'பந்தய வரிசை'யில் பெயர் பதிய வேண்டும், முதல் வரிசையில் வெளிநாட்டுக்காரர்கள், கடைசி வரிசையில் தையல் பிரிவு. அத்தாவுல்லாவுக்குக் கிடைத்த நேரம் அடுத்த மாதம் ஏழாம் தேதி. ஆனால் பதினைந்தாம் தேதி ஆண்டு விழா மேடையில் மாரியோவின் கடைசி மாணவராக உட்கார்ந்து தைத்துக் காட்ட வேண்டும் என்று ஷைனியே வந்து கேட்டுக்கொண்டார். ரோல் முடிவாகிவிட்டதாம். மேடையில் ஜெரி பக்கத்திலேயே இருப்பார் என்று தெரிந்ததும் அத்தாவுல்லா சரி என்றார்.

விழாவுக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு பெரிய விருந்தாளி வந்திருந்தார். நிறுவனத்தில் பங்கு வாங்கப் போகிறவர், வெள்ளைத் தலை, கனிவான முகம். ஜெரி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"எங்க அப்பாவுக்கு பிரேக்னா என்னன்னே தெரியாது!" என்று ஆரம்பித்தார். கீழே உட்கார்ந்திருந்த ராயபுரம் சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "போட்டிக் கம்பெனிக்காரங்க எங்களுக்கு வரலாறு இல்லைன்னு சிரிச்சாங்க. அவங்களுக்கு எழுபது வருஷ வரலாறு. அதைச் சேக்க அவங்களுக்கு எழுபது வருஷம் ஆச்சு. நாங்க முப்பது வருஷ வரலாற்றை ஒரே வருஷத்துல முடிச்சோம். வேகம்னா இதுதான்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு அத்தாவுல்லாவின் முன்னால் ஒரு ஸ்டியரிங்கை வைத்தார்கள். விளக்குகள் அவர் கைமேல் விழுந்தன. அவர் சிவப்புப் பட்டையைப் பொருத்தித் தைக்க ஆரம்பித்தார். விருந்தாளி குனிந்து, ஏன் இந்த இடத்தில் மட்டும் சிவப்பு என்று கேட்டார். ஷைனி அந்தக் கேள்வியைத் தமிழில் சொன்னார்.

"ரெக்சின் பத்தலம்மா" என்றார் அத்தாவுல்லா. "மொதலாளிக்குக் கை குட்டை. அவ்ளோதான்."

ஷைனி அதை ஆங்கிலத்தில் ஒரு நிமிடம் மொழிபெயர்த்தார். அத்தாவுல்லாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அதில் நான்கு தடவை மாரியோ என்று வந்தது காதில் விழுந்தது. தான் சொன்னதில் ஒரு மாரியோகூட இல்லையே என்று அவர் திகைக்கும்போதே, விருந்தாளி தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

இந்தக் கூத்தில் அவர் கவனம் ஊசியைவிட்டு விலகிவிட்டது. முன்வரிசையில் யாரோ ஒரு பெண் "ஐயோ" என்றாள். அத்தாவுல்லா குனிந்து பார்த்தார். ஊசி அவருடைய கட்டைவிரலில் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. ரத்தம் சொட்டிச் சிவப்புப் பட்டையில் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குத் துளிகூட வலிக்கவில்லை. வலிக்கவில்லையே என்பதுதான் அவரை நடுங்க வைத்தது.

அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. அறுபது வருடத்துக்கு முன் டாமியின் ரத்தம் வழிந்த அதே இடத்தில் மறுபடி ரத்தம்! சிலர் அழுதார்கள். புகைப்படக்காரர்கள் முட்டி மோதினார்கள். விருந்தாளி எழுந்து ஜெரியைக் கட்டிக்கொண்டார், பங்கு அங்கேயே முடிவாகிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். கைக்குட்டை கொடுக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. ரத்தத்தைத் துடைத்தால் படம் போய்விடும்.

அந்த இரைச்சலிலேயே அத்தாவுல்லா ஜெரியின் காதோடு, "தம்பி, எனக்கு ஒரு லெட்டர் வேணும்பா. பதினெட்டாந் தேதிக்குள்ள. இல்லாங்காட்டி இந்தக் கை போச்சு" என்றார்.

ஜெரியும் மனிதர்தானே, கண் கலங்கியிருந்தது. ஒலிபெருக்கியிலேயே அறிவித்தார். "பாய்க்கு என்ன வேணுமோ அதை உடனே செய்யுங்க. குழு, கிளியரன்ஸ் எதுவும் வேண்டாம். இது என் உத்தரவு!"

அத்தாவுல்லா அன்று வீட்டுக்குப் போய் இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டார். ஷரீஃபுன்னிசா ஊட்டிவிட்டாள்.

பதினாறும் பதினேழும் விழா அலுப்பில் அலுவலகம் விடுமுறை. பதினெட்டாம் தேதி காலையிலிருந்து அத்தாவுல்லா காத்திருந்தார். ஜெரி விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது போட்ட கையெழுத்தோடு மதியம் மூன்று மணிக்கு ஷிபின் மேசைக்குக் கடிதம் வந்துசேர்ந்தது. நல்ல கனமான தாள். மேலே கட்டம் போட்ட கொடி, கீழே முத்திரை, ஜெரியின் கையெழுத்து. 'மாரியோவின் வழிகாட்டுதலில் 1995 முதல் கையால் தைக்கும் பணி' என்று அடித்திருந்தது. பிறக்காத ஒருவன் தனக்கு வழிகாட்டியதைப் படித்தபோது அவருக்கு எரிந்தது. எரியட்டும், கை பிழைத்தால் போதும் என்று விழுங்கிக்கொண்டார்.

"வாங்கிகினேன்னு இங்க ஒரு கையெழுத்து போட்ருங்க பாய்" என்று ஷிபின் ஒரு கண்ணாடிப் பலகையை நீட்டினான். கையெழுத்து நேராகக் கம்ப்யூட்டருக்குப் போகிற மாதிரிப் பலகை.

அத்தாவுல்லா பேனாக்குச்சியை வாங்கினார். அது விழுந்தது. மறுபடி எடுத்தார். ஊசி இறங்கிய கட்டைவிரல் கட்டுப் போட்டு வீங்கியிருந்தது, மற்ற இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு இடது கையால் ஒரு மாதிரி கிறுக்கி வைத்தார்.

கம்ப்யூட்டர் சிவப்பு காட்டியது.

"பழைய கையெழுத்தோட சேரல பாய். ஒங்க வலது கைல போட்டாத்தான் ஏத்துக்கும்."

"வலது கை வெளங்காமத்தான்டா லெட்டரே கேக்கறேன்! ரேகை வெச்சிக்கோ."

"ரேகை படிக்காதவங்களுக்கு மட்டும்தான் பாய். ஃபைல்ல நீங்க எட்டாவது."

மணி மூன்றேகால். ஷைனியைக் கூப்பிட்டார்கள். அவர் ஓடி வந்தார், உண்மையிலேயே வருத்தப்பட்டார், ஜெரி விருந்தாளியோடு விமானத்தில் இருப்பதாகச் சொன்னார். பிறகு ஒரு நிமிடம் யோசித்து, முகம் மலர்ந்து, வழி கண்டுபிடித்தார்.

"பாய், ஒண்ணு பண்ணலாம். நீங்க முதல்ல ஆபரேஷனை முடிச்சுடுங்க. கை நல்லா ஆனதும் பொறுமையா வந்து கையெழுத்துப் போட்டு லெட்டரை வாங்கிக்கங்க. அதுவரைக்கும் பத்திரமா வெச்சிருக்கோம்."

"அந்த லெட்டர் இல்லாம ஆபரேஷனே கெடையாதும்மா!"

"அது ஆஸ்பத்திரியோட விதி பாய். நம்ம பக்கத்துல ஒரு தப்பும் இல்லையே."

கடிதம் மேசைமேல், எட்டினால் எடுத்துவிடலாம் என்ற தூரத்தில் கிடந்தது. அதன் ஓரத்தில் ஷிபின் ஒரு கையை வைத்திருந்தான், விதி அது. முப்பது வருடமாகக் குரல் உயர்த்தாத மனிதர் அன்றைக்கு இரண்டாவது மாடி கேட்கக் கத்தினார்.

"அப்போ அந்த மாரியோவை இட்டாந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கடா! அவன்தானே எனக்கு வாத்தியாரு!"

ஷிபின் கிண்டல் பண்ணுகிறவன் இல்லை. பாய்க்கு எப்படியாவது உதவ வேண்டும் என்றுதான் அந்தப் பெயரையும் தட்டிப் பார்த்தான்.

"அவர் கையெழுத்துல ஒரு பிரச்சினையும் இல்ல பாய்" என்றான் மெதுவாக. "எல்லா ஃபைல்லயும் ஒரே மாரி கீது. பச்சை காட்டுது."

அத்தாவுல்லா அவனையே பார்த்தார். அடிக்க வேண்டும் போல இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது. எதுவும் செய்யாமல் படி இறங்கினார். வாசலில் செக்யூரிட்டி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வணக்கம் வைத்தார். டோல்கேட் போகிற பஸ்ஸுக்கு நிற்கும்போது ஷரீஃபுன்னிசா போன் பண்ணினாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள், பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

"இன்னாங்க, கெட்ச்சுதா? கவுன்டரை மூடப் போறாங்க. எங்க கீறீங்க?"

போனை இடது கையால் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, பஸ் சத்தத்துக்கு மேல் அவர் சொன்னார்:

"நீ வூட்டுக்குப் போ. எனக்கு இல்லியாம். மாரியோன்னு ஒருத்தன் கீறான், அவனுக்குன்னா இன்னிக்கே குடுத்திருப்பாங்களாம்."